கட்டாயப் பார்வையாளரும் பின்னணிக் குரலும்: இந்திய ஆவணப்பட மரபு குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஆவணப்படத்தின் பாணிகளை இயக்குநரின் அழகியல் தேர்வாகக் கொண்டு வகைப்படுத்தும் போக்கு தமிழில் நிகழும் ஊடக ஆய்வுகளில் வேரூன்றியுள்ளது. பிலிம்ஸ் டிவிஷன் படங்களில் ஓங்கி ஒலிக்கும் பின்னணி விளக்கவுரையை அத்தகைய தேர்வாக மட்டும் கொள்ள இயலாது. கட்டாயத் திரையிடல், பன்மொழி வெளியீடு, எழுத்தறிவின் அன்றைய நிலை ஆகியவை சேர்ந்து உருவாக்கிய பார்வையாளருக்காக அமைந்த உத்தி அது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஏ.கே. செட்டியாரின் காந்தி படம், 1967ஆம் ஆண்டையொட்டிய பரிசோதனை முயற்சிகள், ஆனந்த் பட்வர்தன், ஆர்.பி. அமுதன் ஆகியோரின் படங்கள் இக்கருதுகோளைச் சோதிக்கும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், பின்னணி விளக்கவுரை, கட்டாயத் திரையிடல், மொழிவாரி ஒலித்தடம், இலக்குப் பார்வையாளர், பிலிம்ஸ் டிவிஷன்.

முன்னுரை

ஆவணப்படம் பற்றிய கல்விப்புல உரையாடலில் பில் நிக்கோல்சின் வகைப்பாடு பெற்றுள்ள செல்வாக்குப் பெரிது. 1991இல் நான்கு முறைகளாக அவர் முன்வைத்த பகுப்பு, 2001இல் வெளிவந்த நூலில் கவித்துவ முறை, விளக்க முறை, நோக்கு முறை, பங்கேற்பு முறை, தற்சுட்டு முறை, நிகழ்த்து முறை என ஆறாக விரிந்தது. இதழியல், காட்சித் தொடர்பியல் துறைகளில் ஆவணப்படத்தை ஆராய்வோர் பலர் இந்த ஆறு பெட்டிகளிலிருந்தே தொடங்குகின்றனர். பின்னணிக் குரல் கேட்டால் விளக்க முறை, இயக்குநர் திரையில் தோன்றினால் பங்கேற்பு முறை என்று முடிவு எட்டப்பட்டுவிடுகிறது. ஒரே படத்தில் பல முறைகள் கலந்து வரும் என நிக்கோல்சே கூறியிருப்பது பல வேளைகளில் மறக்கப்படுகிறது.

இவ்வகைப்பாட்டைப் பயன்படுத்தும் விதத்தில் உள்ள முதன்மையான இடர்ப்பாடு வேறு. அது படத்திலிருந்து புறப்பட்டுப் பார்வையாளரை நோக்கிச் செல்கிறது. இயக்குநர் ஒரு முறையைத் தேர்கிறார். அம்முறை பார்வையாளரிடம் ஒரு விளைவை உண்டாக்குகிறது. இந்தியாவில் 1948க்குப் பின் பல பத்தாண்டுகள் நிலவிய வரிசை இதற்கு நேர்மாறானது. பார்வையாளர் எங்கே அமர்ந்திருப்பார், எந்தெந்த மொழியினராக இருப்பார், எதைக் காண வந்திருப்பார் என்பவை படம் எடுக்கப்படும் முன்பே முடிவாகியிருந்தன. பாணி அதன் பின்னரே வந்தது. இந்த வரிசையைக் கணக்கில் கொள்ளாமல் பிலிம்ஸ் டிவிஷன் படத்தை ‘விளக்க முறை’ என்று பெயரிட்டு நிறுத்துவது, அணை கட்டிய இடத்தைப் பாராமல் ஆற்றின் வளைவை விளக்குவது போன்றது.

போர்க்காலத்தில் பிறந்த கட்டாயம்

ராபர்ட் பிளாஹர்ட்டியின் ‘மோனா’ படத்தைப் பற்றி 1926இல் எழுதிய விமர்சனத்தில் ஜான் கிரியர்சன் ‘ஆவணத் தன்மை’ என்னும் சொல்லாட்சியைக் கையாண்டார் என்பதும், அவர் தலைமையில் பிரித்தானியாவில் ஓர் ஆவணப்பட இயக்கம் உருவானது என்பதும் பாடநூல்கள் தரும் செய்திகள். இந்திய ஆவணப்படம் அவ்வியக்கத்தின் வழித்தோன்றல் என்று கூறுவது மரபு. இக்கூற்று பாதி உண்மையே. அந்த இயக்கத்தைச் சேர்ந்த ஆர்தர் எல்ட்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் 1935இல் எடுத்த ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ படத்தில் இலண்டன் சேரிவாசிகள் கேமராவை நேராகப் பார்த்துத் தம் வீட்டின் எலிகளைப் பற்றியும் பூச்சிகளைப் பற்றியும் தம் சொந்தக் குரலில் பேசினர். அன்றைய கனமான ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டே அது சாத்தியமாயிற்று. ஆகவே, இந்தியப் படங்களில் மக்கள் நெடுங்காலம் வாய் திறவாமல் இருந்ததற்குக் கருவியின் போதாமையை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது.

காரணத்தை விநியோக முறையில் தேட வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய இந்திய அரசு 1940இல் திரைப்பட ஆலோசனைக் குழுவையும், 1943இல் ‘இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியா’ நிறுவனத்தையும் அமைத்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ், அரசு ஏற்பளித்த படங்களை 2,000 அடி வரை ஒவ்வொரு திரையரங்கும் காட்ட வேண்டும் என்ற ஆணை 1943இல் வந்தது. 35 மி.மீ. சுருளில் 2,000 அடி என்பது சற்றேறக்குறைய 22 நிமிடம். போர் முடிந்தபின் 1946இல் அந்நிறுவனம் கலைக்கப்பட்டது. விடுதலை பெற்ற இந்திய அரசு 1948இல் பிலிம்ஸ் டிவிஷனை நிறுவியபோது கட்டாயத் திரையிடலும் திரும்பி வந்தது. இம்முறை அது திரையரங்கு உரிமத்தின் நிபந்தனையாயிற்று. படத்தைக் காட்ட வேண்டியதோடு அதற்கான வாடகையையும் திரையரங்கு உரிமையாளரே செலுத்த வேண்டும். இந்நிபந்தனைக்கு எதிரான வழக்கில் 1999இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம் கட்டாயத் திரையிடலைச் செல்லும் என்றே உறுதிசெய்தது.

இதன் விளைவாக உலகில் வேறெங்கும் எளிதில் காணவியலாத ஒரு பார்வையாளர் திரள் உருவானது. அத்திரள் மிகப் பெரிது. ஆனால் அதில் எவரும் அந்தப் படத்தைக் காண வந்தவரல்லர். சிவாஜி கணேசனையோ எம்.ஜி.ஆரையோ காணச் சீட்டு வாங்கியவர், அதற்கு முன்பாக ஓர் அணைக்கட்டையோ குடும்ப நலத் திட்டத்தையோ கண்டாக வேண்டியிருந்தது. தமிழகத் திரையரங்குப் பேச்சில் இவ்வகைப் படங்கள் அனைத்திற்கும் ‘நியூஸ் ரீல்’ என்னும் ஒரே பெயர் வழங்கியது நினைக்கத்தக்கது. செய்திப்படத்திற்கும் ஆவணப்படத்திற்கும் இடையே விமர்சகர் காணும் வேறுபாடு அங்கே பொருட்படுத்தப்படவில்லை. இரண்டுமே ‘படம் போடுவதற்கு’ முன் வருபவை.

ஒரே காட்சி, பல மொழிகள்

பிலிம்ஸ் டிவிஷன் தொடக்கத்தில் ஆங்கிலம், இந்தி, வங்கம், தமிழ், தெலுங்கு ஆகிய ஐந்து மொழிகளில் படங்களை வெளியிட்டது. பின்னர் இவ்வெண்ணிக்கை பத்தைத் தாண்டியது. காட்சிக்கான எதிர்ச்சுருள் ஒன்றே. இசையும் சூழல் ஒலியும் அனைத்துக்கும் பொது. மாறுவது விளக்கவுரையின் ஒலித்தடம் மட்டுமே. இந்த ஏற்பாட்டின் சிக்கனம் வெளிப்படையானது. அதில் ஒரு நிபந்தனை மறைந்திருப்பதையும் காண வேண்டும்: திரையில் தோன்றுபவர் பேசலாகாது. அவர் பேசினால், பிற மொழிகளுக்கு உதட்டசைவுக்கு ஏற்ற மாற்றுக்குரல் தேவைப்படும். அல்லது அவர் பேச்சின்மேல் மற்றொரு குரலைப் படரவிட வேண்டும். எழுத்தில் மொழிபெயர்ப்பை அடியில் இடுவது மூன்றாவது வழி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 18.33 விழுக்காடு. படிக்கத் தெரியாத பெரும்பான்மைக்கு அடியெழுத்தால் பயனில்லை.

எனவே, காட்சியில் தோன்றும் உழவரும் நெசவாளரும் ஆலைத் தொழிலாளரும் பேசாமல் வேலை செய்கின்றனர். அவர்களுக்காக ஒரு குரல் பேசுகிறது. அக்குரலுக்கு முகமில்லை, ஊரில்லை, வயதில்லை. ‘கடவுளின் குரல்’ என்று இதனை மேற்கத்திய விமர்சனம் குறிக்கும். அதன் அதிகாரத் தொனியைக் கருத்தியலின் வெளிப்பாடாக விளக்கும். கருத்தியல் இதில் இல்லை என்று கூறுவதற்கில்லை. ஒரு புதிய அரசு தன் மக்களுக்குப் பாடம் சொல்லும் தொனி அக்குரலில் தெளிவாகவே கேட்கிறது. ஆயினும், குரலைக் காட்சியிலிருந்து பிரித்து மேலே நிறுத்தியதில் மொழிவாரி ஒலித்தடத்தின் தேவைக்கு இருந்த பங்கு இதுவரை போதிய அளவு பேசப்படவில்லை.

தமிழ் வடிவத்தைத் தனியே கருதும்போது மற்றொரு சிக்கல் புலப்படுகிறது. ஆங்கிலச் சொற்றொடரில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். தமிழ்ச் சொற்றொடரில் பயனிலை கடைசியில் நிற்கும். ஆங்கில உரையின் கால அளவுக்கேற்ப வெட்டித் தொகுக்கப்பட்ட காட்சிகளின்மேல் தமிழ் உரை ஏறும்போது, நீண்ட பெயரெச்ச அடுக்குகளைக் கடந்து பயனிலை வந்து சேர்வதற்குள் அடுத்த காட்சி தொடங்கிவிடும். மதகு திறக்கும் காட்சியில் அதன் கொள்ளளவு சொல்லப்படும். ‘திறக்கப்படுகிறது’ என்னும் சொல் விழும்போது திரையில் வயல் இருக்கும். இதைத் தவிர்க்க விரும்பும் மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தை நறுக்கியாக வேண்டும். அல்லது வினையற்ற பெயர்த்தொடர்களால் உரையை நிரப்ப வேண்டும். செய்திப்பட விளக்கவுரைக்கே உரியதெனத் தமிழில் நாம் அடையாளம் காணும் அந்த விறைப்பான நடை, கேலிச் சித்திரங்களும் நகைச்சுவைக் காட்சிகளும் விரும்பிப் போலி செய்யும் நடை, மொழிபெயர்ப்பாளரின் திறமைக் குறைவால் மட்டும் வந்ததன்று. அது காட்சியின் நீளத்துக்குள் அடைக்கப்பட்ட தமிழ்.

ஒரு முன்னோடியின் மாற்று வழி

பின்னணி விளக்கவுரை தன்னளவிலேயே அதிகாரத் தன்மையுடையது என்று முடிவுகட்டுவதற்கு ஏ.கே. செட்டியாரின் படம் தடையாக நிற்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்ற செட்டியார், காந்தியைப் பற்றிய படத்துண்டுகளைத் தேடிப் பல நாடுகளில் அலைந்து, ஏறத்தாழ 50,000 அடிச் சுருளைத் திரட்டி, அதிலிருந்து 12,000 அடி அளவில் தொகுத்த படத்தை 1940இல் வெளியிட்டார். அது முதலில் வந்தது தமிழ் விளக்கவுரையுடன். தெலுங்கும் இந்தியும் பின்னர் வந்தன. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் உருவானது.

திரட்டிய படத்துண்டுகளைக் கொண்டு செய்யப்படும் தொகுப்புப் படத்தில் பின்னணிக் குரல் தவிர்க்கவியலாதது. வெவ்வேறு ஒளிப்பதிவாளர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்தவற்றை ஒன்றிணைக்க வேறு இழை இல்லை. ஆகவே, வடிவ அளவில் செட்டியாரின் படமும் பிலிம்ஸ் டிவிஷன் படமும் ஒரே பெட்டிக்குள் அடங்கும். வேறுபாடு பார்வையாளரிடம் உள்ளது. 1940இல் திரையரங்குக்கு வந்தவர் காந்தியைக் காணவே சீட்டு வாங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அப்படத்துக்கு முன்னும் பின்னும் அவரை ஈர்க்க வேறு படம் இல்லை. குரல் அவருக்கு எதையும் திணிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஏற்கெனவே மதிக்கும் ஒருவரின் வாழ்க்கையை வரிசைப்படுத்தித் தந்தால் போதும். அதைவிட முக்கியமானது, இங்கே தமிழ் மூலமாக இருந்தது என்பது. ஒரு மொழியின் ஓட்டத்துக்கு இசையத் தொகுக்கப்பட்ட காட்சிக்கும், வேறொரு மொழிக்காகத் தொகுக்கப்பட்டுத் தமிழ் ஏற்றப்பட்ட காட்சிக்கும் உள்ள வேறுபாட்டை எந்த ‘முறை’யும் பதிவு செய்வதில்லை.

1967: சொல்லின்மையும் நேர்பேச்சும்

பிலிம்ஸ் டிவிஷனின் வரலாற்றில் 1960களின் நடுப்பகுதி புத்துணர்வின் காலமாகப் போற்றப்படுகிறது. யுனெஸ்கோவில் பணியாற்றிய ஜான் பவுனகரி ஆலோசகராகத் திரும்பி வந்து, இளம் இயக்குநர்களுக்கும் வெளிக் கலைஞர்களுக்கும் இடமளித்தார். அக்காலப் படங்களை இரு கூறாகப் பிரிக்கலாம்.

ஒரு கூறு விளக்கவுரையைத் துறந்தது. எம்.எப். ஹுசைன் இராஜஸ்தானத்தில் எடுத்து 1967 பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருது பெற்ற ‘த்ரூ தி ஐஸ் ஆப் எ பெயிண்டர்’, எஸ். சுக்தேவின் ‘இந்தியா 67’, பிரமோத் பதியின் ‘எக்ஸ்ப்ளோரர்’ ஆகியவை காட்சியையும் ஒலியையும் மட்டும் கொண்டு பேசின. விமர்சகர்கள் இவற்றை அரசு ஆவணப்படத்தின் மறுதலையாகக் காண்கின்றனர். விநியோகத்தின் பக்கம் நின்று பார்த்தால் வேறொரு உண்மை தெரிகிறது. சொல்லில்லாத படத்துக்கு மொழிவாரி ஒலித்தடமே வேண்டாம். ஒரே பிரதி மதுரைக்கும் கல்கத்தாவுக்கும் பொருந்தும். குரல் மேலோங்கிய படமும் குரலே இல்லாத படமும் எதிரெதிர்த் துருவங்களாகத் தோன்றினும், திரையில் தோன்றுபவரைப் பேசவிடாமல் பன்மொழிப் பார்வையாளரைச் சென்றடையும் இரு வழிகளாகவே அவை அமைந்தன. பதியின் படத்தைக் கட்டாயமாகக் கண்ட ஓர் ஊர்ப்புறத் திரையரங்குக் கூட்டம் அதை எவ்வாறு எதிர்கொண்டிருக்கும் என்ற கேள்வியை அழகியல் வரலாறுகள் எழுப்புவதே அரிது.

மற்றக் கூறு, மக்களைப் பேச வைத்தது. விடுதலை நாளில் பிறந்து இருபது வயதை எட்டிய இளைஞர்களை எஸ்.என்.எஸ். சாஸ்திரி நேர்கண்ட ‘ஐ ஆம் 20’, கே.எஸ். சாரியும் டி.ஏ. ஆபிரகாமும் மக்களாட்சி பற்றிப் பலதரப்பினரிடம் கேட்டுத் தொகுத்த ‘பேஸ் டு பேஸ்’ இரண்டும் 1967இல் வந்தவை. நாட்டின் மீதான நம்பிக்கையும் சலிப்பும் அருகருகே ஒலித்தன. இப்படங்களின் துணிவு உள்ளடக்கத்தில் மட்டும் இல்லை. உடனொலிப் பேச்சைத் திரையில் அனுமதித்தவுடன், ஒரே காட்சிக்குப் பல குரல் என்னும் ஏற்பாடு உடைகிறது. ‘ஐ ஆம் 20’ பெரும்பகுதி ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசுகிறது. அதன் இலக்குப் பார்வையாளர் அந்த அளவுக்குச் சுருங்குகிறார். மக்கள் தம் குரலைப் பெற்றனர். அக்குரலை இடையீடின்றிப் புரிந்துகொள்ளும் பார்வையாளர் குறைந்தார். இந்திய ஆவணப்படம் இன்றுவரை தீர்க்காத கணக்கு இது.

பார்வையாளரைத் தேடிச் சென்ற படங்கள்

நெருக்கடி நிலைக்கு முன்னும் பின்னும் உருவான சுதந்திர ஆவணப்பட இயக்கம், கட்டாயத் திரையிடலுக்கு வெளியே நின்றது. அதற்குத் திரையரங்கு இல்லை. பார்வையாளரையும் அதுவே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. கல்லூரி அரங்கு, தொழிற்சங்கக் கூட்டம், குடிசைப் பகுதியின் திறந்தவெளி ஆகியவை அதன் திரையிடங்களாயின. ஆனந்த் பட்வர்தனின் ‘பம்பாய் ஹமாரா ஷெஹர்’ (1985) படத்தில், குடிசை இடிக்கப்பட்ட பெண் ஒருவர் தம்மைப் படம் பிடிப்பதால் தமக்கு என்ன பயன் என்று இயக்குநரையே சினந்து கேட்கிறார். அக்காட்சியைத் தற்சுட்டு முறைக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டுவது வழக்கம். அந்தப் பெண் இப்படத்தின் பார்வையாளராகவும் ஆகக்கூடியவர் என்பதே அக்காட்சிக்கு அழுத்தம் தருகிறது. பிலிம்ஸ் டிவிஷன் படத்தின் உழவர் கேமராவிடம் கேள்வி கேட்கும் நிலையில் வைக்கப்படவில்லை. பட்வர்தன் படங்களிலும் பின்னணிக் குரல் உண்டு. அது யாருடைய குரல் என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

பட்வர்தன் பெரும் பார்வையாளரை வேண்டாம் என்று கூறியவருமல்லர். தம் படங்களைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப வேண்டும் என அவர் நீதிமன்றங்களில் தொடர்ந்து போராடினார். ‘பிதா, புத்ர அவுர் தர்மயுத்த’ படத்தை ஒளிபரப்புமாறு உச்சநீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. அரசு தன் படத்தைக் காட்டியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்திய நாட்டில், குடிமகன் தன் படத்தைக் காட்டியாக வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்திய வழக்கு அது.

தமிழில் இம்மாற்றத்தின் கூர்மையான சான்று ஆர்.பி. அமுதனின் ‘பீ’ (2003). மதுரைத் தெரு ஒன்றில் மனித மலத்தை அள்ளும் பெண் துப்புரவுப் பணியாளரைக் கேமரா 26 நிமிடம் பின்தொடர்கிறது. அவர் வேலை செய்துகொண்டே மதுரைப் பேச்சுத் தமிழில் இயக்குநரோடு உரையாடுகிறார். தலைப்பே இங்கு முதல் விமர்சனம். பிலிம்ஸ் டிவிஷன் தமிழ் ‘மனிதக் கழிவு’ என்றோ ‘சுகாதாரக் கேடு’ என்றோ சொல்லியிருக்கும். எழுத்துத் தமிழ் ஒதுக்கும் அச்சொல்லை, அதை நாள்தோறும் கையாளும் மனிதரின் தமிழிலிருந்து படம் எடுத்துக்கொள்கிறது. படத்தின் நீளமும் அவ்வாறே. அத்தெருவை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் கடப்பவரே இப்படத்தின் இலக்குப் பார்வையாளர். அவரை 26 நிமிடம் அங்கே நிற்க வைப்பது படத்தின் வாதம். நோக்கு முறை என்னும் பெயர் இந்த வாதத்தைத் தொடுவதில்லை. அமுதன் மதுரையில் 1998 முதல் ஆவணப்பட விழா நடத்தி வருபவர் என்பதையும் இதனோடு சேர்த்தே காண வேண்டும். படம் எடுப்பதும் அதற்கான அவையைக் கூட்டுவதும் அங்கே ஒரே பணியின் இரு பகுதிகள்.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ (2017), டச்சு வழி வந்ததாகக் கருதப்படும் ஒரு தெருச்சொல்லையே தலைப்பாக்கியது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 1993, 2013 ஆண்டுச் சட்டங்கள் நடைமுறையில் இருக்க, தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து தொழிலாளர் வாக்குமூலங்களை அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ‘பீ’ ஒருவரோடு நடந்தது. ‘கக்கூஸ்’ பலரைச் சாட்சிகளாக நிறுத்தியது. பொதுத் திரையிடல்கள் தடைபட்ட நிலையில் யூடியூபில் வெளியான அப்படத்தின் பார்வையாளர் அறியப்பட்ட அவையினர் அல்லர். மறுக்கவும் ஐயுறவும் பாதியில் நிறுத்தவும் கூடியவர்கள். சாட்சிகளின் எண்ணிக்கையைப் பெருக்கும் அதன் வடிவத்தை அத்தகைய பார்வையாளரைக் கருதி நிகழ்ந்ததாகக் கொள்ளலாம். கலை நேர்த்தியில் ‘பீ’ மேலானது. தரவின் விரிவில் ‘கக்கூஸ்’ மேலானது.

அடியெழுத்தும் காணாமற்போன தமிழ் ஒலித்தடமும்

கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கி 2022இல் நெட்பிளிக்சில் வெளியாகி, அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருது பெற்ற ‘தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்’, முதுமலையில் யானைக் கன்றுகளைப் பேணும் பொம்மன், பெள்ளி இருவரின் தமிழ்ப் பேச்சைப் பின்னணிக் குரலாகவே அமைத்துள்ளது. திரையில் வேலை செய்பவரும் பின்னணியில் பேசுபவரும் ஒருவரேயாகின்றனர். 1948இல் பிரிந்தவை இங்கே சேர்ந்துள்ளன. சேர்த்து வைத்தது அடியெழுத்து. பல நாடுகளில் படித்தறியும் பார்வையாளரைக் கருதியே அது சாத்தியமானது. அப்பார்வையாளருக்குப் புரியும் அன்பும் இழப்பும் படத்தில் நிறைந்துள்ளன. தமிழகப் பார்வையாளர் கேட்கக்கூடிய பணி நிலைமை, காட்டின் மீதான பழங்குடியினர் உரிமை ஆகியவை ஓரத்திலேயே நிற்கின்றன.

இவ்வாதத்தை மேலும் சோதிக்க வேண்டுமாயின் பிலிம்ஸ் டிவிஷன் படங்களின் தமிழ் ஒலித்தடங்களைக் கேட்டாக வேண்டும். இணையத்தில் எளிதில் காணக் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கில, இந்தி வடிவங்களே. தமிழகத் திரையரங்குகளில் மக்கள் கேட்ட குரலை விட்டுவிட்டு, அவர்கள் கேட்டிராத ஆங்கில உரையை வைத்தே தமிழ் ஆய்வேடுகளும் அப்படங்களை மதிப்பிட நேர்கிறது. பிலிம்ஸ் டிவிஷனின் தயாரிப்புப் பணி 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதன் சேகரத்திலிருந்து ஒரே படத்தின் ஆங்கில, தமிழ் வடிவங்களை இணையாக வைத்து, எந்தக் காட்சியில் எந்தச் சொல் விழுகிறது என்று குறித்துக்கொண்டு செல்வது ஆய்வாளர் ஒருவர் தனியாகவே தொடங்கக்கூடிய வேலை. அணைக்கட்டுப் படங்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். அவற்றில் எண்களும் அளவுகளும் மிகுதியாதலால் தமிழ் உரை எங்கே நெருக்கப்பட்டது என்பது எளிதில் புலப்படும்.